கொஞ்சலும் வாட்டமும்: மலையூரில் கலைப் பொம்மை செய்யும் முறை

கலைப் பொம்மை என்பது ஒரு கலைஞர் தாமே வடிவமைத்து, குறைந்த எண்ணிக்கையில் செய்து, பெரும்பாலும் பெரியவர்கள் வாங்கி வைத்துப் பார்க்கும் பொம்மை. ஹாங்காங்கில் மைக்கேல் லாவ் 1999இல் காட்சிக்கு வைத்த ‘கார்டனர்’ வரிசையிலிருந்து இதன் கதையைத் தொடங்குவது வழக்கம். கென்னி வோங்கின் மோலி 2006இல் வந்தாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும் சிறுமி. காசிங் லுங்கின் லபுபு 2015இல் படக்கதைப் பாத்திரமாகப் பிறந்து, பத்தாண்டு கழித்து உலகம் முழுக்கக் கைப்பைகளில் தொங்கியது. லபுபுவிடம் இருப்பது குறும்பு. அதை விற்கும் அதே பாப் மார்ட் நிறுவனத்தின் ‘க்ரைபேபி’யிடமும் ‘ஹிரோனோ’ என்ற சிறுவனிடமும் இருப்பது வாட்டம். பார்த்ததும் எடுத்துக் கொஞ்சத் தோன்றும். கொஞ்சப் போனால் முகம் எதையோ நினைத்துக்கொண்டிருக்கும். இந்த அத்தியாயம் அந்த வகைப் பொம்மையைக் கையால் செய்வது பற்றியது.

மேலே சொன்னவை இன்று தொழிற்சாலை அச்சில் லட்சக்கணக்கில் வார்க்கப்படுபவை. ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக ஏறிப் போகும் கீழ்ப்பழனி மலையின் பாச்சலூர் போன்ற ஊரில் அந்த வழி உதவாது. காப்பித் தோட்டம், மலைவாழை, மிளகு, சௌசௌப் பந்தல் என்று இருக்கும் இடத்தில் வினைல் அச்சுக்கு முதல் போடுவதில் பொருள் இல்லை. கையில் கிடைக்கும் குச்சி, துணி, காகிதம், விதை ஆகியவற்றால் இதைவிட நல்ல வாட்டத்தைக் கொண்டுவர முடியும். இதற்கு முன்னோடிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன.

கொலுப் படியில் முதலில் இடம்பிடிக்கும் மரப்பாச்சி இணையின் முகத்தில் சிரிப்பு கிடையாது. கண்ணும் மூக்கும் வாயும் நாலைந்து உளிக்கோடுகளில் முடிந்துவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டிக்குப் பூசியிருக்கும் புன்னகையை யார் பார்த்தாலும் புன்னகைதான். மரப்பாச்சியோ பார்ப்பவரின் மனநிலையை வாங்கிக்கொள்ளும். பட்டுப்பாவாடை கட்டினால் மணப்பெண்; துணி இல்லாமல் பரணில் கிடந்தால் பார்க்கவே பாவமாக இருக்கும். முகத்தில் எவ்வளவு குறைவாகச் செதுக்குகிறோமோ அவ்வளவு உணர்ச்சி நிற்கும் என்ற பாடத்தை இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். மரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மரப்பாச்சிக்குரிய செம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள மரம். உரிய ஆவணம் இல்லாமல் வாங்கிய துண்டு வழக்கில் கொண்டுபோய் விடும்.

இன்னொரு எடுத்துக்காட்டு நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்தில் இருக்கிறது. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளால் ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்கிறார்கள். 2021இல் லண்டன் பூங்காக்களில் அவை மந்தையாக நின்றன. 2024இல் அமெரிக்கா போயின. அந்த யானைகள் பொது அச்சில் வந்தவை அல்ல. காட்டோர ஊர்களில் நடமாடும், ஊர்க்காரர்கள் அடையாளம் அறிந்த யானைகளைப் பார்த்துச் செய்தவை. குட்டியானையின் உருண்டை உடம்பு கொஞ்சத் தோன்றுகிறது. காட்டை நெருக்கித் தின்ற களைச்செடியிலேயே அது முடையப்பட்டிருக்கிறது என்று தெரிந்ததும் பார்வை மாறுகிறது. பொருளே பாதிக் கதையைச் சொல்லிவிடுவதால் முகத்தில் கண்ணீர் வரைய வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

எந்த வாட்டம்?

பொம்மை ஏன் வாடியிருக்கிறது என்று செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரணம் இல்லாமல் கண்ணை மட்டும் சாய்த்து வரைந்த பொம்மை தூக்கக் கலக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். சில சமயம் கோபமாகவும் தோன்றும்.

இதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைவிடக் கைக்கு எளிய கருவி இல்லை. அழுகை என்ற மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்று அது வகுக்கிறது. பிறர் இகழ்வதால் வருவது இளிவு. உறவையோ உடைமையையோ இழப்பதால் வருவது இழவு. முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது அசைவு. வறுமைக்கு விளக்கம் வேண்டாம். நான்குக்கும் உடம்பு வேறு வேறாக நிற்கும். இகழப்பட்டவர் தோளைக் குறுக்கிக்கொள்வார். இழந்தவர் கை வெறுமையாகத் தொங்கும், அல்லது ஏதோ ஒன்றை இறுகப் பிடித்திருக்கும். நிலை தாழ்ந்தவர் நிமிர்ந்தே இருப்பார், உடை மட்டும் நைந்திருக்கும். பொம்மையின் நிலையை முடிவுசெய்வது இந்தத் தேர்வுதான். வரைபடம் போடுவதற்கு முன் நான்கில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் மாதிரி உருவம் தேவாங்கு. பாச்சலூர் இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான உயிர் கிடையாது. திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. இரவில் பூச்சி பிடித்துத் தின்னும் இந்தச் சிறு விலங்கின் உடல் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். வால் கிடையாது. முகத்தின் பெரும்பகுதி கண்; கண்ணைச் சுற்றிக் கருவளையம், இரண்டுக்கும் நடுவே வெளிறிய கோடு, குச்சி குச்சியான கை கால். மெலிந்தவரைத் தேவாங்கு என்று ஏசுவதும், மூடநம்பிக்கைக்காக அதைப் பிடித்துக் கொல்வதும் ஊர்களில் நெடுநாள் நடந்தவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. ஏச்சுக்கு ஆளான உயிர் என்பதால் இந்தப் பொம்மையின் வாட்டம் இளிவு.

ஒரு எச்சரிக்கை. தென்கிழக்காசியாவில் வாழும் இதன் உறவினம் ஒன்று, கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்கும் காணொளி பரவலாகப் பார்க்கப்பட்டது. அது மகிழ்ச்சியில் தூக்கிய கை அல்ல. அச்சத்தில் தற்காத்துக்கொள்ளும் நிலை. அதைப் பார்த்துக் கைதூக்கிய தேவாங்குப் பொம்மை செய்வது விலங்கையும் வாங்குபவரையும் ஒருசேர ஏமாற்றுவது.

முகக் கணக்கு

எது கொஞ்சத் தூண்டுகிறது என்பதை ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லொரென்ஸ் 1943இல் வரையறுத்தார். உடலுக்குப் பெரிதான தலை, உயர்ந்த நெற்றி, முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கிய பெரிய கண், உருண்ட கன்னம், குட்டையான கை கால் ஆகியவை பச்சைக்குழந்தையின் அடையாளங்கள். எங்கே கண்டாலும் மனம் இளகும். பொம்மைக்கு இது அப்படியே அளவாகிறது. உட்கார்ந்த நிலையில் 20 செ.மீ. உயரம் என்றால் தலைக்கு 8 செ.மீ. கொடுக்கலாம். அந்த 8இல் கண்ணின் மையம் முகவாயிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். நாலில் போய் நின்றால் முகம் உடனே வயதாகிவிடும்.

தேவாங்கில் கை கால் மட்டும் இந்தக் கணக்கை மீறும். அவை நீளமாகவும் மெலிதாகவும் இருந்தாக வேண்டும். அந்த மீறல் நல்லது. தலை குழந்தையுடையது, கை கிழவருடையது என்ற பொருத்தமின்மையில்தான் வாட்டம் முதலில் நுழைகிறது.

அடுத்தது கண்களின் நெருக்கம். இரண்டு கண்ணுக்கும் இடையே ஒரு கண்ணளவு இடம் விட்டால் அமைதியான முகம். அதைவிடக் குறைத்தால் கவலை தெரியும். தேவாங்கின் கண்கள் இயல்பாகவே நெருங்கியவை என்பதால் அரைக்கண் இடைவெளி போதும். புருவம் வைப்பதானால் உள்முனை சற்று மேலேறியிருக்க வேண்டும். துயரத்தில் புருவத்தின் உள்முனை உயர்வதை டார்வின் 1872இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். தேவாங்கில் கருவளையத்தின் மேல்விளிம்பே அந்த வேலையைச் செய்துவிடும். வளையத்தை வட்டமாகப் பூசாமல், வெளிப்பக்கம் கீழே சரியும் முட்டை வடிவில் பூசினால் போதும்.

வாய்க்கு ஒரே ஒரு நேர்கோடு. அதன் முனைகளைக் கீழே வளைப்பது கற்றுக்குட்டித்தனம். கண்ணீர்த் துளி ஒட்டுவதும் அப்படியே. தாய்லாந்துக் கலைஞர் க்ரைபேபியில் அதைத் தம் முத்திரையாக்கிக்கொண்டார், மற்றவர் செய்தால் நகலாகத்தான் நிற்கும்.

பொருள்கள்

கை காலுக்கு இரண்டு வழி. அறுவடை முடிந்து காப்பிச் செடி கவாத்து செய்யும்போது விழும் குச்சிகள் முதல் வழி. காப்பிக் கட்டை கனமானது, நெருங்கிய இழை கொண்டது. மெல்லிய குச்சியும் எளிதில் முறியாது. தண்டுத் துளைப்பான் தாக்கிய செடியை எரிக்கச் சொல்வார்கள். அதிலிருந்து குச்சி எடுக்கக் கூடாது. நல்ல செடியின் குச்சியையும் கொதிநீரில் ஒரு மணி நேரமாவது போட்டெடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டாவது வழி உண்ணிச்செடி. பென்சில் பருமனுள்ள தண்டை வேகவைத்துப் பட்டை உரித்தால் சூட்டோடு வளைத்துக்கொள்ளலாம். ஆறியதும் வளைவு நிற்கும். முழங்கை மடிப்புக்கு இதுவே மேல். பட்டா நிலத்து வேலியில் வேண்டிய அளவு கிடைக்கும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள் களைச்செடியானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது. மலையில் மரமாக வெட்டுவது பற்றி நினைக்கவே வேண்டாம். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்துக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தின் கழிவுத்துண்டு கிடைத்தால் பீடத்துக்குப் பயன்படுத்தலாம். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். துணியால் கையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அறுக்க வேண்டும்.

உடலுக்குச் சாயமேறாத காடாத்துணி. உள்ளே இலவம்பஞ்சு; தேனி, போடிப் பக்கத்திலிருந்து தாராளமாக வருகிறது. விரல்களுக்கும் கழுத்துக்கும் சௌசௌப் பந்தல் கட்டி மீந்த மெல்லிய கட்டுக்கம்பி.

கண்ணுக்கு மலைப்பக்கத்தில் கிடைக்கும் பூந்திக்கொட்டையின் உள்விதை கருப்பாக, உருண்டையாக, மெருகேற்றாமலே மினுமினுப்பாக இருக்கும், அளவும் சரி. களிமண் பிள்ளையாருக்கு வைக்கும் குன்றிமணி கண்ணாக எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதன் விதைக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. ஓடு உடைந்த ஒரு விதையே ஆபத்து. நீர்க்குமிழி போன்ற கண்ணாடி மணியைச் சந்தையில் வாங்கலாம், ஆனால் அது எல்லாப் பொம்மைக்கும் ஒரே பார்வையைத் தந்துவிடும்.

துணிக்குச் சாயம் வாங்க வேண்டியதில்லை. கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து உலர்த்தி, பிறகு இரும்புத் துண்டும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த நீரில் முக்கினால் சாம்பல் நிறம் ஏறும். கலம்காரியின் கருப்பு வருவதும் இந்த இரும்பு நீரிலிருந்துதான். முக்கும் நேரத்தைப் பொறுத்துச் சாம்பல் கறுக்கும். காப்பி டிகாக்ஷனில் மறுபடி ஒரு முறை நனைத்தால் தேவாங்கின் மங்கிய பழுப்பு வந்துவிடும். பளிச்சென்ற நிறம் எதுவும் இந்தப் பொம்மைக்கு ஆகாது.

தலை

தலை காகிதக்கூழால் ஆனது. முறத்தையும் கூடையையும் வெந்தயம் அரைத்த காகிதக்கூழால் மெழுகிய பழக்கம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு உண்டு, அதே கூழ்தான். செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் உரலில் இடித்து நீரை ஒட்டப் பிழிய வேண்டும். ஊறிய வெந்தயத்தை அரைத்துச் சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைய வேண்டும். வெந்தயம் பசையாகவும் இருக்கும், அதன் கசப்பு பூச்சியை ஓரளவு விலக்கும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டவே அண்டாது, ஆனால் அது நஞ்சு; குழந்தைகள் புழங்கும் வீட்டுக்குப் போகக்கூடிய பொருளில் சேர்க்கக் கூடாது.

களிமண்ணில் தலை உருட்டி, கண்குழியும் மூக்கும் அழுத்தி, அதன்மேல் ஈரச் செய்தித்தாள் கீற்றுகளை ஒரு சுற்று பசையில்லாமல் போர்த்த வேண்டும். பிறகு கூழை மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல் அப்ப வேண்டும். இந்தக் கனத்தை மீறுவதுதான் பொதுவான தவறு. மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால், மலைக்காற்றில் சில நாளிலேயே பூஞ்சை வெளியே வரும். ஒரு பூச்சு முழுதாக உலர்ந்த பிறகே அடுத்த பூச்சு. மூன்று பூச்சு ஆனதும் காதுக்குப் பின்னால் சுற்றிலும் அறுத்து இரண்டு பாதியாக்கி, களிமண்ணை எடுத்துவிட்டு, பசைத்தாளால் ஒட்ட வேண்டும். தலை வெறுங்கூடாக, கையில் எடை தெரியாமல் இருக்க வேண்டும். காரணம் கழுத்துப் பகுதியில் வருகிறது.

இந்த வேலைக்குக் காலம் பார்ப்பது அவசியம். கீழ்ப்பழனியில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அப்போது கூழ் உலராது, அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகையில் காயவைப்பது ஒன்றே வழி. அதில் முகம் லேசாக மஞ்சளிக்கும். தொடர்ந்து வரும் மாதங்களில் காப்பிப் பழம் பறிப்பதால் களமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. மாசி, பங்குனியே தலை செய்யும் மாதங்கள். சித்திரை, வைகாசியில் கொடைக்கானலில் கூட்டம் ஏறும்போது சரக்கு தயாராக இருக்கும்.

உலர்ந்த தலையை உப்புத்தாளால் தேய்த்து, கண்விதையைக் குழியில் பதித்து ஒட்டி, சாயத்துணியை முகத்தின் மேல் இழுத்து ஒட்டலாம். அல்லது நேரே வண்ணம் பூசலாம். வண்ணம் வாங்கும்போது ஈய அளவைப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது. டப்பாவில் அந்தக் குறிப்பு இல்லாததை வாங்க வேண்டாம்.

கழுத்து

வாட்டத்தை உண்மையில் தீர்மானிப்பது கழுத்து. ஜப்பானிய நோ நாடகத்தின் மரமுகமூடிக்கு ஒரே முகபாவம்தான். நடிகர் அதைச் சற்றுக் கீழே சாய்த்தால் முகம் இருள்கிறது, மேலே உயர்த்தினால் தெளிகிறது. நெற்றியின் நிழல் கண்ணில் விழுவதும் விலகுவதுமே வேறுபாடு. பொம்மைக்கும் இதே விதி. மேலே சொன்னபடி செய்த முகத்தை நேராக நிறுத்தினால் வியப்பில் விழிப்பதாகத் தோன்றும். பத்துப் பதினைந்து பாகை முன்னால் சாய்த்தால் யாரோ ஏசியதைக் கேட்டுக்கொண்டிருப்பதாக மாறும். அதற்கு மேல் சாய்த்தால் கண்ணே தெரியாது.

சாய்ந்த தலை பொம்மையைக் கவிழ்த்துவிடாமல் இருக்க வேண்டும். அதனால்தான் தலை வெறுங்கூடாக இருக்க வேண்டும், உடலின் அடி கனக்க வேண்டும். தலையின் எடையைப் போல் இரண்டு மடங்கு கழுவி உலர்த்திய ஆற்றுமணலைச் சிறு பையில் தைத்து உடலின் அடியில் வைக்க வேண்டும். அரிசி, பயறு, காப்பிக்கொட்டை எதையும் போட்டால் வண்டு வரும். மணல்பைக்கு மேலே இலவம்பஞ்சு. வயிற்றில் நிறைய, நெஞ்சில் குறைவாக. நெஞ்சு இறுக நிரம்பினால் தோள் விரிந்து பொம்மை பெருமிதத்தில் உட்காரும். அரைகுறையாக நிரம்பினால் தோள் தானாகக் குறுகும். கழுத்துக் குழாயில் பின்பக்கம் இறுக்கமாகவும் முன்பக்கம் தளர்வாகவும் பஞ்சு வைத்து, உள்ளே கம்பியை முன்வளைத்துத் தலையோடு கட்டித் தைக்க வேண்டும். தைத்த பிறகு ஒரு வாரம் அப்படியே உட்காரவைத்துவிட்டுத் திரும்பப் பார்ப்பது நல்லது. பஞ்சு அமுங்கித் தலை இன்னும் கொஞ்சம் தாழும். அந்தத் தாழ்வையும் கணக்கில் வைத்தே முதலில் சாய்க்க வேண்டும்.

கைகள் எதையாவது பிடித்திருக்கட்டும். மரக்கிளையை இறுகப் பற்றுவது தேவாங்கின் இயல்பு. காப்பிக் கிளைத் துண்டு ஒன்றைப் பிடித்தால் பொருத்தம். பூவும் பலூனும் வேண்டாம்.

விற்பனைக்கு முன்

ஒரு வடிவத்தில் இருபது முப்பதுக்கு மேல் செய்யாமல், ஒவ்வொன்றின் அடியிலும் வரிசை எண்ணும் செய்தவரின் பெயரும் ஆண்டும் எழுதுவது இத்துறையின் வழக்கம். விலையைப் பொருளைக் கொண்டு கணக்கிட்டால் நட்டம்தான். பொருளுக்குச் செலவு மிகக் குறைவு. தலை உலரும் நாள்களை விட்டுவிட்டு, கை ஓடிய மணிகளை மட்டும் எண்ணி, தோட்டக்கூலியைவிடக் குறையாத கூலி போட்டு, அதோடு கடைக்காரரின் பங்கைச் சேர்த்து விலை வைக்க வேண்டும். கட்டி அனுப்ப வாழைச்சருகும் பழைய நாளிதழும் போதும். மலைப்பாதைக் குலுக்கலைத் தாங்கத் தலையைச் சுற்றி மட்டும் இரண்டு மடங்கு வைக்க வேண்டும்.

சட்டத்தைக் கடைசியில் சொன்னாலும் முதலில் முடிக்க வேண்டிய வேலை அது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அவற்றின் பதிவுபெற்ற பயனர்கள் செய்து விற்பதற்கும் விலக்கு உண்டு. தேவாங்குப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இல்லை. ஆகவே கைவினைஞர் பதிவுதான் வழி. ‘பெரியவர்களுக்கான கலைப்பொருள், குழந்தைகள் விளையாட அல்ல’ என்ற அட்டையையும் கட்ட வேண்டும், ஏனெனில் விதைக்கண் கழன்றால் குழந்தையின் தொண்டையில் சிக்கும் அளவுடையது. ஆனால் அட்டையை மட்டும் நம்பியிருக்க முடியாது: கொஞ்சத் தோன்றும் பொம்மையைக் குழந்தைப் பொம்மை என்றே அதிகாரி எடுத்துக்கொள்ள இடம் உண்டு. செய்பவர் ஒவ்வொருவரும் தம் பெயரில் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, அதைப் பெற்ற பிறகே முதல் பொம்மையை விற்க வேண்டும்.